கூட வருபவர்

14-2-88, ஞாயிறு

ரமணி போய்விட்டாள். நேற்று வெளிநாட்டு வேலைக்காகப் பெர்த் நகருக்கு விமானம் ஏறினாள். ஒரே மருத்துவமனை, ஒரே வார்டு, இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஒரே அறை. இன்று காலை வீட்டுக்கார வீரம்மா அக்கா ஆள் வைத்து அவள் கட்டிலை எடுத்துவிட்டார். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. எனக்கு எதற்கு இவ்வளவு பெரிய அறை?

சுபாங் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சொன்னாள்: "நீயும் அந்த கண்ணப்பனப் போய்ப் பாரு லா புஷ்பா. நர்ஸுன்னா அங்க தேடறாங்க. இங்க யாருக்காக உட்கார்ந்திருக்க?"

பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய்விட்டாள்.

22-2-88

மதியம் வேலை முடிந்து பங்சாருக்குப் போனேன். கண்ணப்பன் முன்பு குடிநுழைவு இலாகாவில் இருந்தவராம். இப்போது வெளிநாடு போகிறவர்களுக்கு மனு தயார் செய்து கொடுக்கிறார். மாடியில் சின்ன ஆபீஸ். எனக்கு முன்னால் ஒரு வக்கீல் முகம் தொங்கிப்போய் இறங்கினார்.

வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டாம்.

"அந்த நாட்டுக்கு இந்த வருஷம் யாரு வேணுமோ அவங்களுக்குத்தான் மேடம் மார்க். வக்கீல் வந்தா கைய விரிச்சிடுவாங்க. நல்ல சமையல்காரன் வந்தா உட்கார வச்சுப் பேசுவாங்க" என்றார்.

நர்ஸ் தேவைதான். ஆனால் என் படிப்பை அங்குள்ள நர்சிங் போர்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை பாதி மதிப்பெண்தான். வயதும் முப்பத்தாறு. கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ம்."

"புருஷன் என்ன வேலை?"

"வெல்டர்."

"கேட், கிரில் செய்றவரா?"

"பாய்லர். மேருவில ஒரு பேக்டரி."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்? இப்ப அதுக்குத்தான் அங்க கிராக்கி. அவர் பேர்ல போட்டா ரெண்டு பேரும் போயிடலாம்."

அந்த மனிதரை நான் பார்த்து ஏழு வருடம் ஆகிறது என்று சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

23-2-88

ரெங்கசாமி. அவர் பெயரைச் சும்மா எழுதிப் பார்த்தேன்.

5-3-88, சனி

போனேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறி, கிள்ளானில் இறங்கி, மேரு பஸ் மாறி, தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார் என்று காவலாளி சொன்னதும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தார். முடி பாதி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு லோரி உள்ளே போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"அங்க போனப்புறம்?"

"அவங்கவங்க வழி. உங்களுக்கு வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"யாரும் இல்ல." கையுறையைக் கழற்றினார். "இங்க எனக்கு மட்டும் என்ன இருக்கு? எங்க கையெழுத்துப் போடணும் சொல்லு."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கோபம் கோபமாக வந்தது. எதுக்குக் கோபம்? இது அப்பவே முடிஞ்சு போனதுதானே. குழந்தையைப் புதைச்ச மறுநாளே வேலைக்குப் போன மனுஷன். ஒரு வாரம் நம்மகூட இருந்துட்டுப் போச்சே அந்தப் பிள்ளை, அதப் பத்தி ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை பேசினாரா? ஓவர்டைம், ஓவர்டைம்னு அந்த நெருப்புக்குள்ளயே போய் உட்கார்ந்துகிட்டார். ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்னு ஈப்போவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கூப்பிட வரல. நானும் திரும்பிப் போகல. சத்தமே இல்லாத சண்டை எங்களது.

20-3-88, ஞாயிறு

கண்ணப்பன் எங்களுக்காக விடுமுறை நாளிலும் ஆபீசைத் திறந்து வைத்திருந்தார். மேருவிலிருந்து அவர் புதுச்சட்டையில் வந்தார். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்ததில் தேவையானதற்கு மேலேயே வந்தது.

பிரிந்திருப்பதைச் சொன்னோம். கண்ணப்பன் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"விவாகரத்து ஆகல இல்ல? அப்ப புருஷன் பொண்டாட்டிதான். ஒரே விலாசம் போட்டுடுங்க. இன்டர்வியூவுல ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் மாத்திச் சொல்லாம பாத்துக்குங்க."

"பிள்ளைங்க?" என்றார் பிறகு. இரண்டு பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இல்ல" என்று நான்தான் சொன்னேன்.

17-4-88, ஞாயிறு

இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகுவதற்காக இனி ஞாயிறுதோறும் அவர் கிள்ளானிலிருந்து வருவார்; இன்று முதல் நாள். வீரம்மா அக்கா கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். சொல்லிப் பழகாமல் போன வார்த்தை. அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கோப்பி கலக்கப் போனார்.

கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி கேட்டுக்கொண்டோம். நான் எந்த வார்டு, அவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், யார் சமைப்பது.

"எனக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டார்.

"புடலங்காய்."

"இப்ப சாப்பிடறேன்."

"எப்பத்திலிருந்து?"

"மெஸ்ஸுல போடறாங்க. வேற வழி?"

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடமாக இந்த மனிதர் யாரோ போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

12-6-88, ஞாயிறு

அவசர வேலை என்று அவர் வரவில்லை. காலையிலேயே பாசாரில் மீன் வாங்கி வைத்திருந்தேன். யாரைக் கேட்டு வாங்கினேன்? வீரம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

16-8-88, செவ்வாய்

இதைச் சரியாக எழுதிவிட வேண்டும்.

இன்டர்வியூ செய்தவர் வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். வெல்டிங் வேலையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எங்க வீட்டுக்காரர் தெரிந்த ஆங்கிலத்தில் தயங்காமல் பதில் சொன்னார். எந்தக் குழாய்க்கு எந்தக் கம்பி என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்தப் பெண் தாளைப் பார்த்து, "பிள்ளைகள் இல்லை, அப்படித்தானே?" என்றார்.

நான் தலையாட்டினேன். என் பக்கத்தில் இருந்த அவர், "ஒன் கேர்ள்" என்றார்.

நாங்கள் பழகாத பதில்.

"ஒரு பொண்ணு. செத்துப் போச்சு. அதுக்கப்புறம் நாங்க ஒண்ணா இல்ல மேடம். இப்ப இந்த அப்ளிகேஷனுக்காகத்தான் வர்றோம்." எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "வருந்துகிறேன். அவள் பெயர் என்ன?"

பெயர் வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெயர் வைப்பதற்குள்தானே போய்விட்டது.

"கனகவல்லி" என்றார் அவர்.

வெளியே வந்து, மரத்தடியில் நின்று, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"எப்ப வச்சீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாவப் பதியப் போனேன்ல. கவுண்டர்ல பேர் கேட்டான். நீ ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்த. பேர் இல்லாம அனுப்ப எனக்கு மனசு வரல. உன் முழுப் பேர்ல இருக்கற 'வல்லி'ய எடுத்து வச்சேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்கிட்ட சொல்லணும்னு வீட்டுக்கு வருவேன். நீ அழுதுகிட்டே இருப்ப. சொன்னா இன்னும் அழுவியேன்னு பேக்டரிக்கே திரும்பிப் போயிடுவேன்."

என் மகளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. இவ்வளவு காலமும் அதை அவர் மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

20-9-88

விசா கிடைக்கவில்லை. அவர் உண்மையைச் சொன்னதாலா என்று கண்ணப்பனைக் கேட்டேன். அதில்லையாம். தேவைப்படும் வேலைகளின் பட்டியலை மாற்றிவிட்டார்கள். இந்த முறை பாய்லர் வெல்டர் அதில் இல்லை. "நேத்து வரைக்கும் தங்கம் மேடம், இன்னிக்குத் தகரம். நம்ம கையில என்ன இருக்கு?"

தொழிற்சாலைக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம். "சரி" என்றார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் நான் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. காசு தீர்ந்து போன் நின்றுவிட்டது.

16-10-88, ஞாயிறு

அவர் வருவதில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.

8-11-88, தீபாவளி

லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வேலைக்குப் போனேன். வார்டில் பாதிக் கட்டில்கள் காலி. திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. வீரம்மா அக்கா ரவாங்கில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மேசையில் ஒரு தட்டு முறுக்கை மூடி வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். எதிர்வீட்டில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தினார்கள். அவளுக்கு இப்போது ஏழு முடிந்திருக்கும்.

கனகவல்லி என்று ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். சுவர்தான் கேட்டது.

13-12-88

கண்ணப்பன் வார்டுக்கே போன் செய்தார். நர்சிங் போர்டு என் படிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. முழு மதிப்பெண். நர்ஸ் வேலை இன்னும் பட்டியலில் இருக்கிறது. "நீங்க தனியாவே போகலாம் மேடம். யார் மார்க்கும் வேணாம்!"

இதற்குத்தானே அலைந்தேன்? சந்தோஷம் எங்கே?

கணவர் பெயரை எப்படியும் எழுத வேண்டுமாம். கூட வருபவரா, வராதவரா என்று மட்டும் சொன்னால் போதும். "வராதவர்னு போட்டுடவா?" என்றார். பொறுங்கள் என்றேன்.

7-1-89, சனி

மறுபடியும் மேரு. வாசலுக்கு எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"அப்ப என் மார்க் தேவையில்ல" என்றார்.

"தேவையில்ல."

"நல்லது. எங்க கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்துக்கு வரல. நீங்களும் வாங்கன்னு கேக்க வந்தேன்."

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அங்க என் வேலைக்கு இப்ப ஆள் வேணாமே. எதுக்கு என்னக் கூப்பிடற?"

என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அவளப் பத்திப் பேசறதுக்கு இந்த உலகத்துல உங்களத் தவிர எனக்கு வேற ஆள் இல்ல" என்றேன். "உங்களுக்கும் என்ன விட்டா யாரு?"

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. எழுந்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார், திரும்பவில்லை. "யோசிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

22-1-89, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை.

3-2-89

கண்ணப்பன் இனிமேல் பொறுக்க முடியாது என்கிறார். "வருபவர்" என்று போடச் சொன்னேன்.

"அவர் சரின்னுட்டாரா மேடம்?"

"இன்னும் இல்ல."

"விசாவுக்கு எடுக்கற எக்ஸ்ரேக்கு ரெண்டு பேரும் வரணும். அவர் வரலன்னா உங்க கேஸும் இழுக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துவிட்டேன் என்றேன். தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். அவர் உயரத்தில் ஏறி நின்று வேலை செய்கிறாராம். கிளினிக் விலாசத்தையும் தேதியையும் ஆபீஸ் கிராணியிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். யார் என்று சொல்லட்டும் என்று கேட்டார். அவர் சம்சாரம் என்றேன்.

27-2-89, திங்கள்

கிளினிக்குக்கு முன்னதாகவே போய் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வேறு யாரோ. என் பெயரைக் கூப்பிட்டார்கள். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லியிருப்பேன்! இன்று என்னால் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது முறை எடுக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்தபோது கூடத்தில் அவர் இல்லை. சரி, போகலாம் என்று பையை எடுத்தேன். ஆண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"பஸ் லேட்டு" என்றார். பிறகு, "பசியாறினியா?"

இல்லை என்றேன்.

"நானும் இல்ல. வா."