கை கழுவக் கொண்டுபோன தண்ணீர்

அன்பு மகள் பெரியவளுக்கு,

சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை. இங்கே எல்லோரும் நலம், எவ்வளவு கோபத்திலும் நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்கு முதுகுவலி பரவாயில்லை, ஆனால் பணிமனையில் இன்னும் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் வேலை, பரவாயில்லை என்பது எத்தனை நாளைக்கோ. தங்கை பசித்தால்தான் நூலகத்தை விட்டு வீட்டுக்கு வருகிறாள். சேதி இவ்வளவுதான். இனி திட்டு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குள் முள்ளாக நிற்கிறது. நீ பாடம் நடத்தும் நர்சிங் பிள்ளைகளை ஒரு தெருவுக்கு அனுப்பினாயாம், அங்கே இருப்பவர்களுக்குச் சரியாகக் கை கழுவுவது எப்படி என்று செய்துகாட்ட வேண்டுமாம். குழாயை நம்ப முடியாது என்று ஆளுக்கொரு கேன் தண்ணீரும் கொடுத்தாயாம். அதில் ஒரு பெண் தன் கேனைக் கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, தெருப் பெண்களோடு குடிநீர் அலுவலகத்துக்குப் போய் ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்டு நின்றிருக்கிறாள். "தண்ணியே இல்லாம என்னத்தக் கழுவிக் காட்டுவா? முட்ட போட்டுட்டேம்மா" என்றாய். இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் அழுததையும் நீயேதான் சொன்னாய். அப்போது அடுப்பில் பால் பொங்கியதால் போனை வைத்தேன். வைத்த பிறகு எனக்குப் பொங்கியது.

ஏண்டி, கேன் கொடுத்து அனுப்பும்போதே தெரியாதா அங்கே தண்ணீர் இல்லையென்று? சோறு இல்லாதவனுக்கு நன்றாக மென்று தின்னச் சொல்லி வகுப்பெடுப்பது போல இருக்கிறது. இந்த இடத்தில் தங்கை சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குச் சிரங்கு வந்த வருஷம் மறந்துவிட்டதா? விரலிடுக்கெல்லாம் புண். நம் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய், அதுவும் நான் சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டியோடு நிற்கிற நேரமாகப் பார்த்து வரும். எதிர்வீட்டுத் தையல் அத்தை பாவம் பார்த்துப் பிடித்துவைக்கும் ஒரு குடம்தான் சமையலுக்கும் குளிக்கவும். சுகாதார நர்ஸ் வந்து உன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தெருவே கேட்க, "புள்ளையக் குளிப்பாட்டக்கூடவா சோம்பேறித்தனம்?" என்றாள். நீ கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாய். அவள் தெருமுனை திரும்பியதும், "அவங்க வீட்டுக் குழாய்ல எப்பவும் தண்ணி வருமாம்மா?" என்று கேட்டாய். அந்தப் பெண் குடிநீர் அலுவலகத்தில் போய்க் கேட்டதும் அதைத்தான். அதற்கு நீ முட்டை போட்டிருக்கிறாய்.

பரீட்சைக்கு முன்னால் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து நீ மனப்பாடம் செய்ததில் எனக்கே பாடமாகிவிட்டது. ஒரு ஊரின் ஆரோக்கியத்தை ஆஸ்பத்திரி மட்டும் தீர்மானிப்பதில்லை, இருக்கிற வீடு, குடிக்கிற தண்ணீர், வாங்குகிற கூலி, படித்த படிப்பு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்பாய். அதை எழுதிப் பாஸானது நீ. செய்துகாட்டியது அவள். மதிப்பெண் தாளில் அதற்கு இடமில்லை, துறைத்தலைவி கேள்வி கேட்பார் என்கிறாய். கேட்கட்டுமே. உனக்கு வாய் இல்லையா? என்னிடம் மட்டும் எங்கிருந்து வருகிறது அத்தனை வாய்?

மதிப்பெண்ணை இன்னும் மேலே அனுப்பவில்லை என்றாய். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போ. கேன் கொண்டுபோகாதே. ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்று கேள். இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மொண்டு ஊற்றும்போது, குடத்தில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்போது அந்த முகத்தைப் பார். பார்த்துவிட்டு வந்து, முடிந்தால் போடு உன் முட்டையை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. இத்தனை திட்டிய வாயாலேயே சொல்கிறேன், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும், அது இப்போது உன் கையில் இருக்கிறது.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா

அக்கா, அம்மா உன்னை ‘முண்டம்’ என்று சொன்ன இடங்களையெல்லாம் நான் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் அவள் சொன்னதுதான், நானும் அவள் பக்கம்தான். – தங்கை