லாரி மூடி

14 ஜூன் 1998, ஞாயிறு

என் பழைய காரின் ரேடியேட்டர் ஹோஸ் அத்திபெலேயில் இன்று மூன்றாவது முறையாக வெடித்தது. முந்தைய இரண்டு முறையும், ஹோஸ் விற்ற சலீம் பாயை அவர் கடையிலேயே, "மட்ட ரப்பரை என் தலையில கட்டிட்டீங்களே பாய்" என்று நாலு பேர் முன்னால் திட்டினேன்.

இன்று மெக்கானிக் முனிராஜு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "இது லாரி மூடி அண்ணா. பிரஷர் வெளிய போக வழியில்லாம ஹோஸைக் கிழிக்குது. யார் போட்டாங்க?"

நான்தான். என் லாரி சாமான் கடையில் விற்காமல் கிடந்தது. கெட்டியாக இருக்கிறதே என்று மாட்டினேன்.

சரியான மூடி போட்டதும் கார் விவேக் நகர் வீடு வரை தெப்பம் போல மிதந்து வந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நாளை பாயிடம், அதே நாலு பேர் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்லியாக வேண்டும்.

கண் சொக்குகிறது. வெள்ளை நீராவிக்குள்ளிருந்து பாய் வருகிறார். "டீ குடிச்சிட்டுத் திட்டுங்க அண்ணா" என்கிறார்.