கன்றுக்குட்டி தின்ற காது மெஷின்

அன்புள்ள என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சை முறித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் பதில் போடுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா.

முதலில் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் வேறு எதை ஆரம்பித்தாலும் எனக்குத் தொண்டையில் நிற்கும். உன் தம்பியின் மூத்தவன் வங்கிப் பரீட்சையில் பாஸாகிவிட்டான், அன்றிலிருந்து வீட்டில் யார் சில்லறை கேட்டாலும் எதற்கு என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறான். நடுவுள்ளவள் நீச்சலில் கோப்பை வாங்கினாள், கோப்பை அவளைவிடப் பெரிது, உன் தம்பி அதில் குடைகளை நிறுத்தி வைத்திருக்கிறான். கடைக்குட்டிக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, தலைப்பு மௌனத்தின் அருமை, பரிசு வாங்கிய நாளிலிருந்து எங்களில் ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை. ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் உன் மகள்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் அவள் டாக்டராகச் சேர்ந்ததிலிருந்து நான் கடைக்குப் போனால் டாக்டரின் பாட்டி வந்திருக்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், ஐந்தாம் வகுப்போடு நின்றவளை வேறு யார் வந்து அறிமுகப்படுத்தப் போகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு உடனே பணம் அனுப்ப ஓடாதே, முழுக்கப் படி. உன் மகளுக்கு நீ அனுப்பிய காது மெஷினை ஒரு கன்றுக்குட்டி தின்றுவிட்டது. உன் மகள் குனிந்து அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பால்குடி மறக்காத குட்டி, இவள் முடியை முட்டி ஒதுக்கிவிட்டுக் காதைச் சப்ப ஆரம்பித்துவிட்டது. இவளும் செல்லம் கொஞ்சுகிறது என்று விட்டிருக்கிறாள். திடீரென்று உலகமே ஊமையாகிவிட்டதாம், நிமிர்ந்து பார்த்தால் குட்டி எதையோ மென்று விழுங்குகிறது. உள்ளே பேட்டரி இருக்கிறதே, வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று பெரிய டாக்டர் அன்றைக்கே குட்டியின் வயிற்றைக் கீறி அதை எடுத்தார், கூட நின்று தையல் போட்டவள் உன் மகள்தான். குட்டி பிழைத்துத் துள்ளுகிறது. மெஷின்தான் மென்ற வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது.

மெஷின் இல்லாமல் அவளுக்கு நெஞ்சுச் சத்தம் எப்படிக் கேட்கும்? பெரிய டாக்டர் நல்ல மனிதர், ஆனாலும் புது மெஷின் வருகிற வரைக்கும் மருந்து அறையில் உட்காரம்மா என்று சொல்லிவிட்டார். வேலையை நிரந்தரம் பண்ணும் சமயம் பார், கொட்டகையில் வைத்தியம் பார்க்கிறவளைத்தான் நிரந்தரம் பண்ணுவார்கள், புட்டியைத் துடைத்து அடுக்குகிறவளை அல்ல. நீ எத்தனை வருஷம் மிச்சம் பிடித்து அதை வாங்கினாய் என்று தெரிந்தவள், அம்மாவிடம் சொன்னால் நான் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று என்னை மிரட்டினாள். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

வேலை நேரத்தில் ஊழியரின் சொந்தப் பொருள் தொலைந்தாலும் உடைந்தாலும் ஆஸ்பத்திரியே ஈடு கொடுக்கும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது, சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதைக் கவனிக்க ஒரு அதிகாரி, எல்லாரும் அவரை ஆதாரம் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், மழை பெய்கிறது என்றால்கூட ஆதாரம் கேட்பாராம். தொலைந்துபோனது என்று இவள் விண்ணப்பம் கொடுத்தாள். தொலைந்தது என்றால் எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது, இது கன்றின் வயிற்றில் இருந்தது என்று பெரிய டாக்டரே எழுதியிருக்கிறார், ஆகவே தொலையவில்லை என்று திருப்பிவிட்டார். சரி, சேதமானது என்று எழுதிக் கொடுத்தாள். வயிற்றிலிருந்து எடுத்ததால் இனிமேல் அது நோயாளியின் உடம்பில் கிடைத்த பொருள், உங்கள் பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார். அதோடு விட்டாரா, மருந்துச் சீட்டில் இல்லாத ஒன்றை நோயாளிக்கு ஏன் ஊட்டினீர்கள் என்று விளக்கம் வேறு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய் அவர் காதைக் கொஞ்சம் சப்பிவிட்டு வரலாமா என்று இருந்தது.

கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். அந்த மெஷினை மாட்டிக்கொண்டு நீங்கள் இருக்கிற ஒரே ஒரு போட்டோ கொடுங்கள், போதும் என்றார். இது ஒரு பெரிய விஷயமா என்று நான் பீரோவைக் கவிழ்த்தேன். பிறந்ததிலிருந்து பட்டம் வாங்கின நாள் வரைக்கும் அத்தனை போட்டோவையும் கட்டிலில் பரப்பிப் போட்டேன். மகளே, ஒன்றில்கூட அவள் காது இல்லை. பள்ளிக்கூடத்துப் படத்தில் ரெட்டைச் சடையைக் காதின் மேல் மடித்துக் கட்டியிருக்கிறது, கல்லூரிப் படத்தில் முடியை முன்னால் இழுத்துவிட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் முடி காதை மூடும்படி பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள். பக்கத்தில் நீ நிற்கிற படத்தில் நீயும் அப்படியே, உனக்கும் அவளுக்கும் ஒரே காது, ஒரே மெஷின், ஒரே மறைப்பு. சொல்லி வைத்த மாதிரி இரண்டு பேரும் தலையை ஒரு பக்கம் சாய்த்திருக்கிறீர்கள். நன்றாக மறைத்தீர்கள், ஒரு மெஷின் இருந்ததே என்று நாம்கூடச் சத்தியம் பண்ண முடியாத அளவுக்கு மறைத்தீர்கள். பெரிய டாக்டரையும் விண்ணப்பத்தைப் படித்த ஆதாரம் சாரையும் தவிர ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் அவளுக்குக் காது மந்தம் என்று தெரியாதாம்.

அப்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் கன்றுக்காரர் பால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். டாக்டரம்மாவுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறேன் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. என்னவென்று கேட்டால், ஆஸ்பத்திரி ஊழியரின் பொருளைத் தின்று என் குட்டிக்கு வயிற்றில் வெட்டு விழுந்தது, நஷ்டஈடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம், கேட்ட தொகை அப்படியே வந்துவிட்டதாம். கொடுத்தது யார்? அதே ஆதாரம் சார், அதே மேசை. ஆதாரம் கேட்கவில்லையா என்றேன். கேட்டாரும்மா, போன்ல இருந்ததைக் காட்டினேன், ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டு உடனே கையெழுத்துப் போட்டுட்டார் என்றார். குட்டி செல்லம் கொஞ்சுகிறதே என்று அன்றைக்கு அவர் படம் பிடித்திருக்கிறார். எங்களுக்கும் போட்டுக் காட்டினார். குட்டி முடியை முட்டி விலக்குகிறது, காது பளிச்சென்று தெரிகிறது, காதில் மெஷின் தெரிகிறது, இழுக்கிறது, மெல்லுகிறது. பின்னால் கன்றுக்காரர் சிரிக்கிற சத்தம். குட்டி மெஷினைத் தின்றது என்று கன்றுக்காரரை நம்பிப் பணம் கொடுத்தவர், உன் மகளிடம் மட்டும் மெஷின் இருந்ததற்குப் போட்டோ கேட்கிறார், பார்த்துக்கொள்.

நான் கையைத் தட்டினேன். உன் மகள் தட்டவில்லை. இதை ஆபீசில் கொடுத்தால் எல்லாரும் பார்ப்பாங்க பாட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பாலைக் காய்ச்சப் போனேன். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. விடிந்து பார்த்தால் கண்ணாடி முன்னால் நிற்கிறாள், முடியை மொத்தமாக வாரி உச்சியில் கொண்டை போட்டிருக்கிறாள், இரண்டு காதும் வெட்டவெளி. இவளுக்கு இவ்வளவு அழகான காதா என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே போய்க் கன்றுக்காரரையும் கூட்டிக்கொண்டு அந்த மேசை முன்னால் நின்றாளாம். ஆபீசே கூடிவிட்டதாம். அவள் சொன்னது இவ்வளவுதான்:

சார், நீங்க ரெண்டு தடவை பார்த்த படத்துல இருக்கிற காது இதுதான். கன்னுக்குட்டிக்குக் கொடுத்தது போக மீதி இருந்தா எனக்கும் கொடுங்க.

ஆதாரம் சார் காதைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி காதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் விதியை விடுவாரா, ஈடு கொடுத்த பொருள் அலுவலகத்துக்குச் சொந்தம், தணிக்கை வருகிற வரைக்கும் பொறுப்பான அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும். கன்றின் வயிற்றில் ஊறின அந்த மெஷின் இப்போது அவருடைய சொந்த இழுப்பறையில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறாராம்.

இதோடு முடியவில்லை. இனிமேல் ஊழியர் எல்லாரும் உடம்பில் மாட்டிக்கொண்டு வருகிற பொருள்களோடு போட்டோ எடுத்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று புது உத்தரவு போட்டுவிட்டார். பெரிய டாக்டர் பல்செட்டுக்காக வாயை ஆவென்று திறந்து ஒரு படம் கொடுத்திருக்கிறார். வாசல் காவலர் தலையில் இருப்பது டோப்பா என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்ததாம், அவரும் மாட்டினது ஒன்று, கழற்றினது ஒன்று என்று இரண்டு படம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தலையைச் சொறிகிறாராம். உன் மகளைத் தனியாகப் பார்த்துக் கிசுகிசுக்க அங்கே இப்போது ஒருவருக்கும் நேரமில்லை.

புது மெஷின் வந்துவிட்டது. உன் மகள் மறுபடி கொட்டகைக்குப் போகிறாள், கொண்டையை மட்டும் பிரிக்கவில்லை. நிரந்தரம் ஆகிற உத்தரவு இன்னும் வரவில்லை, வரும், நான் இப்போதே கடைக்காரரிடம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பணம் அனுப்பாதே, அந்தப் பணத்துக்கு நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிப் போடு. மருமகனுக்கு இருமல் இருந்தால் வெந்நீர் குடிக்கச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வயது இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் மகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்த போட்டோவில் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன், காதைப் பார். கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் பழைய படத்தை நான் கழற்றி வைத்துவிட்டேன், ஆணி காலியாக இருக்கிறது. நீயும் முடியை உச்சிக்கு வாரிக் கட்டி, மெஷின் தெரிகிற மாதிரி ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. தலையைச் சாய்க்காதே.

இப்படிக்கு,
டாக்டரின் பாட்டி,
உன் அம்மா