மெத்தைக்கு அடியில் ஓர் உத்தரவு

அன்பு மூத்தவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியந்தானே? எனக்கு உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டதாம். கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. நாலு மாதமாக இந்தக் கட்டிலும் எதிர்ச்சுவரில் தொங்கும் தனிம அட்டவணையும்தான் என் உலகம். பைத்தியம் பிடிக்காததே அதிசயம்.

என் டியூஷனை இப்போது உன் தங்கைதான் இதே அறையில் நடத்துகிறாள். நேற்று எலக்ட்ரான் கவர்தன்மை. இரண்டு அணுக்கள் சேரும்போது ஒவ்வொன்றும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். கடைசி நெடுவரிசையை விட்டுவிட்டால், அட்டவணையில் வலப்பக்கம் போகப் போக இழுவை கூடும், கீழே இறங்க இறங்க, நடுவில் எலக்ட்ரான் கூடுகள் அதிகமாகிப் பிடி தளரும் என்று அவள் சொன்ன அழகே அழகு. முப்பது வருஷத்தில் நான்கூட அப்படிச் சொன்னதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிடுங்கி ஃப்ளூரின் என்றதும், முன்வரிசைப் பெண்ணொருத்தி, "நம்ம சார் மாதிரியா மிஸ்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் தங்கை சிரிக்கவில்லை. "பாவம், அதுக்குக் கூடு நிரம்ப ஒண்ணே ஒண்ணு குறையுது, அதான் விடமாட்டேங்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. அவளுக்கு வெளியூரில் ஆய்வுக்கூட வேலை கிடைத்துவிட்டது. உத்தரவு வந்து ஒன்பது நாளாகிறது. தபால்காரர் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். பிரித்துப் படித்தேன், மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டேன். இருபதாம் தேதிக்குள் சேரவேண்டும். உன் அம்மாவும் இல்லாத வீட்டில் அவள் போய்விட்டால் என்னை யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள் என்ற பயம். வெட்கங்கெட்ட வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை கையை விட்டுப் பார்த்தேன். நான் கசக்கிச் சொருகிய காகிதம் நன்றாக நீவி, நாலாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தினமும் விரிப்பு மாற்றுகிறவள் அவள்தானே! இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தும் வாயே திறக்காமல் எனக்குக் கஞ்சி ஊட்டுகிறாளம்மா.

"நீ போம்மா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். என்னால் ஆகாது. பதினெட்டாம் தேதிக்குள் நீ வா. என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிட்டு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிடு. இந்தக் கடிதத்தைத் தபால்காரரிடமே கொடுக்கிறேன். அவள் கையில் கொடுத்தால் போடமாட்டாள்.

வரமாட்டேன் என்பாள், கேட்காதே. நானும் அழுவேன். அதையும் கேட்காதே. நீங்கள் இரண்டு பேரும் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா