சந்தனம் வைத்த சீட் போஸ்ட்

செப்டம்பர் 24, 2025, புதன்
காலையில் எட்டயபுரம் ரோட்டில் பிரியும் வண்டிப்பாதையில் போய்வந்தேன். மழை இல்லை, கரிசல் தூசிதான். வந்ததும் சைக்கிளில் சீட்டைத் தாங்குகிற குழாயை, சீட் போஸ்டை, துடைத்து, ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு ஏற்றி இறக்கினேன். ராஜமணி பார்த்துக்கொண்டே நின்றார். "கட்டுன புருசனுக்கு ஒருநாள் இப்படி எண்ணெ தேச்சிருப்பியா?" என்றார். தீபாவளிக்குத் தேய்க்க வந்தால் ஓடுகிறவர் யாராம்?

இந்தப் போஸ்ட் மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்காகச் செய்தது. கைப்பிடியில் இருக்கும் லிவரை அழுத்தி உட்கார்ந்தால் சீட் தாழும். எழுந்து அழுத்தினால் தானே உயரும். கோவில்பட்டியில் எனக்கு ஏது மலைச்சரிவு! நாற்கரச் சாலையில் ஸ்கூட்டியோடு விழுந்து இடுப்பில் கம்பி வைத்த பிறகு, காலைத் தூக்கிப் போட முடியாது, நுனிக்காலில் நிற்க முடியாது. சீட் தாழ்ந்தால்தான் ஏறலாம், இறங்கலாம். உயர்ந்தால்தான் காலை நீட்டி மிதிக்கலாம். மிதிப்பதை விட்டால் இடுப்பு இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் கட்டிலை விட்டு எழுந்தால்கூட யாராவது கை கொடுக்க வந்துவிடுகிறார்கள். யாரும் பிடிக்காமல் நானே ஏறி நானே இறங்குவது இது ஒன்றில்தான்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை
எங்கள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பூஜை. தராசு, கடலை வறுக்கிற மெஷின், லோடு வேன் எல்லாம் பொட்டோடு நின்றன. வரிசைக் கடைசியில் என் சைக்கிள்! வேனோடு சேர்த்து ராஜமணியே வாட்டர் சர்வீசுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மாலை போட்டு, பளபளவென்று இருந்த போஸ்டில் மூன்று பட்டையாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்திருந்தார். "இதுவும் நம்ம வண்டிதான?" என்றார். இடுப்பில் கம்பியை வைத்துக்கொண்டு சைக்கிள் கேட்கிறதா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்த மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு நின்றிருக்கலாம். வேலைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு, "இந்தா பாருங்க, லிப்ட் மாதிரி" என்று சீட்டை அமுக்கி அமுக்கிக் காட்டினார். ஈரச் சந்தனம் அத்தனையும் போஸ்டோடு உள்ளே போனது. பாக்கிங் போடுகிற வெயிலுகந்தம்மாள் கைதட்டினாள். பொடி உள்ளே போனால் குழாய் கீறிவிடும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல? மறுநாள் பூஜை பிரிக்கும்வரை தொடவும் கூடாது.

அக்டோபர் 3, வெள்ளி
சீட் மெதுவாக ஏறுகிறது.

அக்டோபர் 9, வியாழன்
முக்கால்வாசிதான் வருகிறது. எத்தனை துடைத்தாலும் அழுத்தும்போது மஞ்சள் கோடு ஒன்று வெளியே வந்துகொண்டே இருக்கிறது. சொல்லிவிடலாமா? சொன்னால் இனி என் பொருள் எதையும் தொடமாட்டார். ஆசையாகத் தொட்டதே இப்போதுதான்.

அக்டோபர் 16, வியாழன்
விழுந்தேன். ராத்திரி மழையில் பாதை முழுக்கச் சகதி. எதிரே பாதையை அடைத்துக்கொண்டு ஆட்டுக்கிடை வருகிறது. லிவரை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், சீட் இறங்கவே இல்லை. கால் எட்டவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டேன். ஆடு மேய்த்தவர்கள் ரெண்டு பேர் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். விடுங்க, நானே எந்திரிக்கேன்னு கத்துனேன். கேட்டாத்தானே! அடி ஒன்றும் பெரிதாக இல்லை. தூக்கியதுதான் வலிக்கிறது.

அக்டோபர் 25, சனி
சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரையில் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் போஸ்டைக் கழற்றினார். உள்ளே குழாய் முழுக்கக் கீறல். "புதுசுதாங்க போடணும். உங்க சைக்கிளுக்கு ஒல்லி சைஸ். எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு விரலில் தொட்டுப் பார்த்து, "இதென்ன மஞ்சப் பொடி?" என்று கேட்டார். ராஜமணி பக்கத்திலேயே நிற்கிறார். "மக்காச்சோளத் தூசிங்க. ஊர்ல அறுவடை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஏறி இறங்காத சாதாரணப் போஸ்ட் ஒன்றை, காலை நீட்டி மிதிக்கிற உயரத்தில் மாட்டிக் கொடுத்தார்.

சாத்தூர் தாண்டியதும் ராஜமணி கேட்டார். "ஐப்பசியில எவன்ட்டி மக்காச்சோளம் அறுத்தான்? இப்பத்தான வெதச்சிருக்கு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நாந்தான?" என்றார். இல்லைங்க என்றேன்.

அக்டோபர் 29, புதன்
ஏறும்போது சைக்கிளைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வருகிறார். நின்றால் ஓடி வந்து பிடிக்கிறார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "அண்ணாச்சி மாதிரி ஒருத்தர் கெடைக்கணுமே" என்கிறாள் வெயிலுகந்தம்மாள். ஆமாம். அதுக்காக நான் மூச்சுவிட வேண்டாமா?

நவம்பர் 4, செவ்வாய்
சொல்லிவிட்டேன். "நீங்க பொட்டு வச்சன்னிக்கு அழுதேன், சந்தோசத்துல. இப்பம் நீங்க பின்னால வாறப்பவும் அழுகுதேன். வராதீங்க."
"நீ விழுந்துட்டன்னா?"
"விழுந்துக்கிடுதேன்."
"ஒரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னது போதாதா எனக்கு?"
சாப்பிடாமலே கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்
இன்று சைக்கிளை எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
தனியாகப் போனேன். வாசல் படிமேல் நின்றால் காலைப் போட முடிகிறது. ஓடைப் பாலத்துக் கட்டைச்சுவர் சரியான உயரம், அங்கே நின்று மறுபடி ஏறலாம். உளுந்து முளைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் சுவரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து படியோரம் நிறுத்தும்போது சைக்கிள் சாய்ந்துவிட்டது. முழங்கை சுவரில் உரசி ரத்தம். ராஜமணி வாசலில்தான் நின்றார். ஓடி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நான் சுவரைப் பிடித்து, காலை எடுத்து, இறங்கி, சைக்கிளை நிமிர்த்திச் சாய்த்து வைக்கும்வரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் துண்டை நீட்டினார். ஒரு கையை இன்னொரு கை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், விரலெல்லாம் வெளுத்திருந்தது.