லினக்ஸை அழித்துவிடாதே, தாயி

கீர்த்திகாவுக்கு உன் மாமனார் எழுதுவது. நீ இதைப் படிக்கும்போது அவர் ஒரு காதுகுத்து வீட்டுக்காக ஏழாயிரம்பண்ணைக்கு முதல் பஸ்ஸில் போய்விட்டார். தோசைமாவு பொங்கியிருக்கும், பார்த்துக்கொள்.

கம்ப்யூட்டரை அழித்து லினக்ஸைப் புதிதாகப் போடப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். லேபிள் டிசைன் இருக்கிற பூட்டிய டிஸ்க் மூன்று நாளாகத் தானாகத் திறக்காமல் பாஸ்வேர்டு கேட்டதற்குக் காரணம் அப்டேட் இல்லை. காளீஸ்வரனும் இல்லை. பாவம் உன் புருஷன், அவனிடம் இன்றைக்காவது பேசு. அதைத் திறக்கிற சாவிக் கோப்பு இருக்கிற பென்டிரைவைப் பிடுங்கி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டது உன் மாமனார்தான். நீ பெட்டிக்குள்ளேயே தேடினாயே தவிர, பின்பக்கம் பார்க்கவில்லை.

நாற்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சாயங்காலம் ரூமில் ஒரு துரும்புகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு தடவை மறந்ததற்கு, கூரை மட்டும் கிளம்பி ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வரை போய், உடம்பெல்லாம் சிமெண்ட் பூசிக்கொண்டு திரும்பி வந்தது. அந்தப் பழக்கத்தில், பெட்டிக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது.

பென்டிரைவைச் செருகி ஆன் பண்ணிப் பார்த்தாச்சு. எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது.

சேவு டப்பாவில் கொஞ்சம் குறையும். அதுவும் அவர்தான்.

இன்னொன்று. மூன்று நாளும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாய். ஒரு தடவைகூட, “மாமா, நீங்க தொட்டீகளா?” என்று கேட்கவில்லை. பெரிய மனசு, தாயி. கேட்டிருந்தால் மனுஷர் கூசாமல் இல்லை என்றிருப்பார். நீ கேட்காததால்தான் உண்மையை எழுதவேண்டியதாப் போச்சு.