பெரட்டில் வாங்கிய கைநாட்டு

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. நல்ல சேதியோடு எழுதியிருக்கவேண்டும். ஆனால் ஒரு பிழை செய்துவிட்டேன், அப்பா. இதை உங்களைவிட்டால் வேறு யாரிடம் சொல்ல?

பல்கலைக்கழகத்தில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களைக் கொண்டு புண்ணுக்கு மருந்து செய்கிறார்கள். நனோ என்கிறார்கள். அந்த விஞ்ஞானிகள் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது உடம்புக்குள் போனால் என்ன ஆகும், யார் கையில் பூசிப் பார்க்கப் போகிறீர்கள், அவர்களைக் கேட்டீர்களா' என்று நச்சரிப்பதுதான் என் வேலை. சின்ன வயதில் வாயாடி என்று திட்டுவீர்களே, அதையே உத்தியோகமாக்கிவிட்டேன்.

பூசிப் பார்க்கக் கொழுந்து பறிக்கிற கைகள்தான் தோது என்று பேராசிரியர் முடிவு செய்தார். தேயிலைக் கட்டை கீறாத கை நம் தோட்டத்து டிவிஷனில் ஏது? சம்மதப் படிவத்தை எங்கே வைத்துக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலைல பெரட்டுக்குப் போனா எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க சேர்."

அந்தப் பெரட்டில் தினமும் ஆள் கூப்பிட்டு, பேர் பதிந்து, மலைக்கு அனுப்பிய கங்காணியின் மகள் நான். அங்கே கூப்பிட்டால் முன்னால் வருவார்கள், காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? படிவத்தை நானே வாசித்தேன். 'விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம்' என்ற வரியையும் சத்தமாகத்தான் வாசித்தேன். ஒருத்தர்கூட மறுக்கவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், வெட்கக்கேடு.

மருந்து பூசத் தொடங்கிய பிறகு, அன்று கைநாட்டு வைத்த லெட்சுமி அக்காவின் இரண்டு கையும் வெந்ததுபோல் சிவந்து கொப்பளித்திருக்கின்றன. எங்கள் மருந்தாலா, மலையில் புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்தாலா, யாருக்கும் தெரியவில்லை. நேற்று அவர் குடியிருக்கிற லயத்துக்குப் போய், "அக்கா, இதெ நிப்பாட்டிருவோமா? வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்" என்றேன்.

"என்னா பாப்பா பேசுற? பெரட்டுல வச்சுக் கேட்டீங்க. வேணாம்னா அன்னிக்கி வேல இல்லேன்னுதானே நெனச்சோம். இப்பவும் கங்காணி மக நீ வந்து நிக்கிற. ஒனக்கு எது தோதோ அதையே சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், அப்பா.

பேராசிரியரிடம் போனேன். "கைநாட்டு இருக்கே, பிறகென்ன?" என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற அறநெறிக் குழு கூடுகிறது. அந்தச் சம்மதங்கள் செல்லாது என்று நான் சொன்னால் ஆய்வு நின்றுவிடும். ஆய்வுக்காக வாராவாரம் டிவிஷனுக்கு வருகிற டொக்டரும் நின்றுவிடுவார். பிறகு அக்கா அந்தக் கையோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறவேண்டும். சொல்லாவிட்டால் மற்றவர்கள் கையிலும் பூசிக்கொண்டே இருப்பார்கள். எப்படிப் போனாலும் அவர்கள் தலையில்தானே விடிகிறது? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எத்தனை தரம் கேட்டாலும், நீங்கள் பெரட்டில் பேர் கூப்பிடுகிற சத்தம்தான் காதில் விழுகிறது.

சொல்லத்தான் போகிறேன். பெரட்டில் வைத்து வாங்கச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். டொக்டரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்பேன். கேட்பார்களா, தெரியாது.

மறுபடி சம்மதம் கேட்க ஆள் போனால், நம் தோட்டத்தில் யாருக்கும் அறிமுகமில்லாத ஒருத்தர் போகட்டும். நான் போகமாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒருவராலும் முடியாது. அது உங்கள் முகம், அப்பா.

கங்காணி மகள் என்ற பேரை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நிற்கும்,
உங்கள் சின்ன மகள்